வண்டி என்னுடையது, ஓட்டம் கம்பெனியுடையது

"வண்டி உன்னுதுதானே தம்பி, அப்புறம் பெட்ரோலுக்கு எங்கிட்ட ஏன் வார? சம்பளத்துலயே எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்கு." தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட், ஷிப்பிங் ஏஜென்ட், சர்வேயர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. கேட்டவரும் "சரி அண்ணாச்சி" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட நியாயம்போல இது ஊரில் நிலைத்துவிட்டது. இதில் நியாயம் இல்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலையில் பழைய ஊர் அலுவலகத்தில் ஆவணங்களை வாங்கிக்கொண்டு புதுத் துறைமுகத்தில் இருக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸ். அங்கிருந்து கன்டெய்னரைத் திறந்து காட்ட மதுரை பைபாஸ் பக்கத்து சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் சரக்கு நிலையம். நடுவில் டெலிவரி ஆர்டருக்காக ஷிப்பிங் லைன் அலுவலகம். மாலையில் மறுபடி துறைமுகம். கார் வைத்திருக்கும் மேலாளருக்கு வாகைக்குளம் விமான நிலையத்தில் பார்ட்டியை ஏற்றி இறக்கும் வேலையும் சேரும். டவுன் பஸ்ஸை நம்பினால் ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆகும். சொந்த வண்டி இல்லாதவரை இந்த வேலைக்கு எடுப்பதே அரிது. வண்டி வேண்டும் என்று கேட்பது கம்பெனி. அதன் செலவு மட்டும் ஊழியருக்கு.

சம்பளத்திலேயே சேர்ந்திருக்கிறது என்றால், அதே நிறுவனத்தில் நாள் முழுக்க ஏ.சி. அறையில் பில் ஆஃப் என்ட்ரி தட்டுகிறவருக்கும், வெயிலில் துறைமுகத்துக்கும் பைபாஸுக்கும் ஓடுகிறவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம்? அநேக இடங்களில் இல்லை. நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு தொகை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா? அதுவும் இல்லை. சட்டம் இந்த இரண்டையும் கலப்பதே இல்லை. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே, பயணப்படியும் வேலையின் தன்மையால் ஊழியருக்கு நேரும் தனிச் செலவுக்காகத் தரப்படும் தொகையும் ஊதியத்தில் சேராது என்று இருந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இவற்றை ஊதியத்துக்கு வெளியேதான் வைக்கிறது. கோவை டெக்ஸ்மோ நிறுவனம் தொடர்பான வழக்கில், கன்வேயன்ஸ் அலவன்ஸும் பயணப்படிதான், அதற்கு இ.எஸ்.ஐ. பிடிக்கத் தேவையில்லை என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வவுச்சரில் தனியாகக் கொடுக்க வேண்டியதைச் சம்பளத்தில் போட்டுக் கலக்கும் முதலாளி, அதற்கும் பி.எஃப். பங்கு கட்ட வேண்டிய நிலையைத் தானே வரவழைத்துக்கொள்கிறார்.

அடுத்து, கொஞ்சம் தாராள மனம் கொண்டவர்கள் சொல்வது: "பெட்ரோல்தான் போட்டுக் கொடுக்கோமே, வேற என்ன செலவு?" இங்கேதான் ஊழியர்களே ஏமாந்து போகிறார்கள். பெட்ரோல் பங்கில் கொடுக்கும் பணம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. மற்றது மெல்ல மெல்லக் கரைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு லட்சம் ரூபாய்க் கார், எட்டு வருடம் ஓட்டி இரண்டு லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் வீதம் மொத்தம் 1,20,000. தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் விலை 100 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு. இன்சூரன்ஸ் ஒரு ரூபாய். டயர், சர்வீஸ், பேட்டரி சேர்த்து ஒன்றரை ரூபாய். மொத்தம் 14 ரூபாய்க்கு மேல். பெட்ரோல் அதில் பாதிகூட இல்லை. டூவீலருக்குத் தொகைகள் சிறியவை, கணக்கு இதேதான். நம் ஊரிலோ உப்பளக் காற்று வேறு. சைலன்ஸரும் அடித்தகடும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுக்கொள்ளலாம். அமெரிக்க வருமான வரித் துறை 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் என்று வைத்த தொகையிலும் பெட்ரோலோடு தேய்மானம், இன்சூரன்ஸ், பழுதுச் செலவு எல்லாம் அடக்கம்.

"இங்க அப்படி ஒரு வழக்கமே இல்லையே" என்பவர்கள் அலுவலகத்தை விட்டு மீன்பிடித் துறைமுகம்வரை நடந்து போய்ப் பார்க்கலாம். விசைப்படகு கரைக்கு வந்ததும், மீன் விற்ற காசில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பங்கு. அதிலும் படகுக்கு என்று ஒரு பங்கு உண்டு. அந்தப் படகு கடலில் தேய்கிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். படகு உன்னுடையது, ஆகவே டீசலும் உன் பாடு என்று கரையில் எவரும் பேசுவதில்லை. முத்துச் சலாபம் 1961-ஓடு நின்றுபோன இந்தக் கரையில் பங்குக் கணக்கு நிற்கவில்லை. தொழிலுக்குக் கருவி கொண்டுவந்தவருக்குக் கருவியின் கூலி உண்டு என்பது இந்தக் கரையின் பழைய வழக்கம். அலுவலகங்கள்தான் அதைக் கைவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளியரிங் ஏஜென்ட் பார்ட்டிக்கு அனுப்பும் பில்லில் கன்வேயன்ஸ் என்று ஒரு வரி பல நேரம் இருக்கும். அந்தப் பணம் வசூலாகிறதென்றால், அது உண்மையில் ஓடிய வண்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

"காசாக் கொடுத்தா உனக்குத்தான் வரி பிடிப்பாங்க" என்ற பயமுறுத்தலுக்கு ஆதாரம் கிடையாது. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் மூன்றாம் விதி இதைத் தெளிவாக வகுத்தது. ஊழியரின் சொந்தக் கார் முழுக்க அலுவலக வேலைக்கே ஓடியது, அந்தச் செலவை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது என்றால், அந்தத் தொகை வரிக்கு உரிய சலுகையாகாது. தேதி, போன இடம், தூரம், செலவு ஆகியவற்றின் பதிவும் நிறுவனத்தின் சான்றும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதி சொந்த உபயோகம் என்றால், 1.6 லிட்டர்வரை எஞ்சின் உள்ள காருக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400, டூவீலருக்கு 900 என்று கழித்துக்கொள்ள இடம் இருந்தது. பெட்ரோல் ஐம்பது ரூபாய்க்குள் இருந்த 2009-ல் வைத்த தொகை இது. விலை இரட்டிப்பான பிறகும் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது பெரும் குறை. புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள் என்பதால், அதன் பிறகான கணக்குக்குப் புதிய விதிகளின் தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நீயே ரிட்டர்ன்ல கழிச்சுக்கோ" என்பார்கள் சிலர். முடியாது. பிரிட்டனில் நிறுவனம் குறைவாகக் கொடுத்தால், முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ் என்ற அளவு வைத்து, மீதிக்கு ஊழியர் வரிச்சலுகை கேட்கும் ஏற்பாடு 2011 முதல் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. நம் நாட்டில் மாதச் சம்பளக்காரருக்கு அந்த வழி இல்லை. நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) என்பது நாற்காலியை விட்டு எழாதவருக்கும் கிடைப்பது. ஆகவே இங்கே நிறுவனம் கொடுக்காத காசு வேறு எங்கிருந்தும் வராது.

முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது நம் செலவுதான். அதைக் கணக்கில் நுழைக்கக் கூடாது. பொய்க் கிலோமீட்டர் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கஸ்டம்ஸ் ஹவுஸிலிருந்து சி.எஃப்.எஸ். எத்தனை கிலோமீட்டர் என்பது முதலாளிக்கும் தெரிந்த தூரம். பொய்யைத் தடுக்கப் பதிவேடு போதும்.

அந்தப் பதிவேடு இன்னொரு நாள் உயிர்க் காகிதமாகவும் ஆகலாம். பெட்ரோல் கொடுக்காவிட்டால் விபத்துக்கும் பொறுப்பில்லை என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வண்டி யாருடையது என்று பார்த்ததில்லை. வேலையின்போது, வேலை காரணமாக நடந்ததா என்றுதான் பார்த்தது. லாரிகள் நெருக்கும் துறைமுகச் சாலையில் அன்று எதற்காகப் போனோம் என்பதை எழுத்தில் காட்ட முடிய வேண்டும்.

எனவே கேட்பதை எழுத்தில் கேளுங்கள்: கிலோமீட்டருக்கு இவ்வளவு, மாதக் கடைசியில் வவுச்சரோடு. ஓடோமீட்டர் எண்ணையும் ஷிப்பிங் பில் அல்லது பில் ஆஃப் என்ட்ரி எண்ணையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். எந்த வேலைக்கு எந்த ஓட்டம் என்று எவரும் சரிபார்க்கலாம். கப்பலுக்கான ஸ்டோர்ஸ் மூட்டையைச் சொந்தக் காரில் ஏற்றச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். தனியார் கார் பாலிசி சாம்பிளையும் சொந்த லக்கேஜையும் தவிர வேறு சரக்கு ஏற்ற அனுமதிப்பதில்லை. அதற்குச் சரக்கு வண்டியைக் கம்பெனிதான் பிடிக்க வேண்டும்.