பட்டைக்கு அடியில் ஒரு பகை

தீப்பெட்டிக்குள் இலைகளைப் போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு அந்தப் பச்சைப் பளபளப்பு மறந்திருக்காது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பச்சை வண்டு, வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. 'எமரால்ட் ஆஷ் போரர்' என்று பெயர். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை.

வளர்ந்த வண்டு பரம சாது. சில வாரங்களே வாழ்ந்து, இலை ஓரங்களைக் கொறிப்பதோடு சரி. நாசவேலையெல்லாம் புழுப் பருவத்தில்தான். பட்டை இடுக்கில் இடப்பட்ட முட்டையிலிருந்து வரும் புழு, துளைத்துக்கொண்டு உள்ளே போய், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளைந்து வளைந்து சுரங்கம் தோண்டுகிறது. இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்கும் பாதை அது. ஏராளமான புழுக்கள் சேர்ந்து அதை அறுத்துவிட, சில வருடங்களில் மரம் பட்டினியால் சாகிறது. உச்சிக் கிளைகள் காய்ந்து, மரங்கொத்திகள் பட்டையை உரிக்கத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

2002-ல் டெட்ராய்ட் அருகே இந்த வண்டு கண்டுபிடிக்கப்பட்டபோதும் இதே கதைதான். செத்த மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில், 1990-களிலேயே அது வந்து இறங்கிவிட்டது தெரிந்தது. ஆசியாவிலிருந்து சரக்கு வந்த மரப் பெட்டிகளில் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் ஊகம்.

பூர்வீகமான வடகிழக்கு சீனாவில் அதற்கு இவ்வளவு கெட்ட பெயர் இல்லை. அங்குள்ள ஆஷ் மரங்கள் காலங்காலமாக அதனுடன் வாழ்ந்து எதிர்ப்புச் சக்தி பெற்றவை. பெரும்பாலும் நலிந்த மரங்களே பலியாகின்றன. முட்டையையும் புழுவையும் தேடி அழிக்கும் குட்டிக் குளவிகளும் அங்கே உண்டு. அமெரிக்க மரங்களுக்குப் போதிய எதிர்ப்புச் சக்தியும் இல்லை, துணைக்கு அந்தக் குளவிகளும் இல்லை.

எனவே 2007 முதல் சீனக் குளவிகளைக் கொண்டுவந்து அமெரிக்கக் காடுகளில் விடுகிறார்கள். விறகையும் கட்டையையும் வெளியே கொண்டுபோக மத்திய அரசு விதித்த தடையால் வண்டை நிறுத்த முடியவில்லை. 2021-ல் தடையே விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்போதைய நம்பிக்கை, குளவிகளும் தாக்குதலில் பிழைத்த அபூர்வ மரங்களின் விதைகளும்தான்.

சரக்குப் பெட்டிக்கான மரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குவது போன்ற சிகிச்சைகளைக் கட்டாயமாக்கும் சர்வதேச விதி இன்று இந்திய ஏற்றுமதிக்கும் பொருந்தும். பெட்டிகளில் குத்தப்படும் கோதுமைக் கதிர் முத்திரை அதற்கு அத்தாட்சி. அந்த விதி பிறந்ததும் 2002-ல்தான். வண்டு முந்திக்கொண்டுவிட்டது.