பெயரைச் சொல்வதும் தர்மமே

நவம்பர் மாதம் பிறந்தால், ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள் பலர் வங்கிக்குச் சென்று உயிர்வாழ் சான்று அளிக்கின்றனர். சிறு கருவியின் மீது விரலை வைத்ததும் வந்திருப்பவர் இன்னார் என்பது உறுதியாகிவிடுகிறது. எழுத்தறியாதோர் கடன் பத்திரத்தில் மைதோய்ந்த இடது பெருவிரலைப் பதித்த வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. ஒருவரது ரேகை மற்றவருக்கு அமையாது என்னும் உண்மையே இவ்விரண்டுக்கும் அடிப்படை. ஆயினும், அந்த ரேகைகளை வகைப்படுத்திய முறையின் வரலாற்றிலேயே, சிலரது உழைப்பு வேறொருவர் பெயரில் பதிந்துவிட்டது.

1890களில் வங்காளக் காவல்துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் எட்வர்ட் ஹென்றி. குற்றவாளிகளின் விரல்ரேகைகளைத் திரட்டுவது எளிது. ஆயிரக்கணக்கான தாள்களிலிருந்து வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பதே கடினம். பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1892இல் விரல்ரேகை குறித்து ஒரு நூல் வெளியிட்டிருந்தார். எனினும், பெருந்தொகுதியைப் பகுத்து அடுக்குவதற்கு அவரது முறை போதவில்லை. ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய உதவி ஆய்வாளர்களான காஜி அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரும் இச்சிக்கலை ஆராய்ந்தனர். ஹக், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்றவர்; கணிதத்தில் வல்லவர்.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. பத்து விரல்களும் ஐந்து இணைகளாகப் பிரிக்கப்பட்டன. அந்த இணைகளுக்கு முறையே 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு தரப்பட்டது. சுழி அமைந்த விரலுக்கு மட்டுமே அந்த மதிப்பு கணக்கில் சேரும். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பு மேலெண்ணிலும் மற்றதன் மதிப்பு கீழெண்ணிலும் கூட்டப்படும். இரண்டோடும் ஒன்றைச் சேர்த்தால், ஒவ்வோர் எண்ணும் 1 முதல் 32க்குள் அமையும். ஆகவே, எத்தனை தாள்கள் சேர்ந்தாலும் அவற்றை 1024 பிரிவுகளில் அடுக்கிவிடலாம். ரேகை விவரங்களைத் தந்தி மூலம் அனுப்புவதற்குரிய குறியீட்டு முறையைப் போஸ் வகுத்தார்.

1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை நிலையம் அமைந்தது. 1900இல் ஹென்றியின் நூல் வெளிவந்தது. 1901இல் லண்டன் காவல்துறை இம்முறையை ஏற்றது. 1903இல் ஹென்றியே அதன் ஆணையரானார். உலகெங்கும் அது ‘ஹென்றி முறை’ என்றே வழங்கலாயிற்று.

ஹென்றி ஒன்றும் செய்யாதவர் அல்லர். ஆய்வுக்கு இடமளித்ததும், அரசை ஏற்கச் செய்ததும் அவரே. ஆனால், வழி திறப்பது வேறு; வழி காண்பது வேறு. பல ஆண்டுகள் கழிந்தபின், தம் பங்குக்கு அங்கீகாரம் வேண்டுமென ஹக் அரசிடம் கேட்டார். பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஹென்றி, தம் ஊழியர்களுள் ஹக்கின் பங்களிப்பே மிகுதியானது என 1926இல் எழுத்து மூலம் உறுதிசெய்தார். ஹக் கான் பகதூர் பட்டமும், போஸ் ராவ் பகதூருக்கு நிகரான ராய் பகதூர் பட்டமும் பெற்றனர். முறையின் பெயர் மட்டும் மாறவில்லை.

இன்றும் இது நடக்கிறது. தான் இரவு பகலாக வகுத்த திட்டத்தை மேலாளர் தம்முடையதாகக் கூட்டத்தில் எடுத்துரைத்தார் என்று பேரன் மனம் வெதும்பி வீடு திரும்புகிறான். “பலனை எதிர்பாராதே, பகவான் பார்த்துக்கொள்வார்” என்று வீட்டுப் பெரியவர் தேற்றுகிறார். கீதை அவ்வாறு உபதேசிப்பது வேலை செய்பவனுக்கு, அவன் மனம் கலங்காதிருப்பதற்காக. பிறர் உழைப்பின் பலனைப் பறித்துக்கொள்ள மேலிருப்பவருக்கு அது அனுமதி தரவில்லை. மேலிருப்பவரின் தர்மத்தை வால்மீகி ராமாயணம் காட்டுகிறது. சீதையைக் கண்டு திரும்பிய அனுமனின் செயலை ஸ்ரீராமர் வாயாரப் புகழ்கிறார். கைம்மாறாகத் தருவதற்குத் தம்மிடம் வேறொன்றுமில்லை என்று கூறி மார்போடு தழுவிக்கொள்கிறார்.

ஆகவே, பேரனுக்குப் பொறுமையை மட்டும் உபதேசித்தால் போதாது. யோசனையை வாய்மொழியாகச் சொல்லுமுன் தேதியிட்டு எழுதி, மின்னஞ்சலில் தொடர்புடையோர் அனைவருக்கும் அனுப்பும்படி கூறலாம். பலர் முன்னிலையில் வாதிடாமல், மேலாளரைத் தனியே கண்டு, அடுத்த கூட்டத்தில் அப்பகுதியைத் தானே விளக்க வாய்ப்புக் கேட்கச் சொல்லலாம். உரியதைக் கேட்பது பேராசையன்று. ஹக் கேட்டதனாலேயே ஹென்றியின் எழுத்துச் சான்று கிடைத்தது.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பலர் பதவியில் இருந்தவர்கள். யாரோ ஓர் எழுத்தர் காட்டிய வழி, தம் பெயரில் பாராட்டுப் பெற்றிருக்கக்கூடும். இல்லத்திலும், மருமகள் சொன்ன யோசனை மகனுடையதாகப் பேசப்படுவதுண்டு. நினைவு வரும்போதே அந்தப் பெயரை நாலு பேர் அறியச் சொல்லிவிடலாம். உரியவர் உயிரோடிருந்தால் தொலைபேசியில் அழைத்து அவரிடமே சொல்லலாம். பதவி போய்ப் பல ஆண்டுகள் ஆனபின்னும் ஹென்றியால் அதைச் சொல்ல முடிந்தது.