கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில்தானா?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழி வந்த பழமொழி. இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போதல் எளிது. ஆயின், நம் பள்ளிக்கூடங்கள் எதற்காகப் படிப்பித்தன, நம் பெற்றோர் எதற்காகக் காணியை ஈடுவைத்தனர், நம் பிள்ளைகள் எதற்காக விளக்கடியில் கண்விழித்தனர் என்பவற்றையெல்லாம் அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகின்றது. கல்வி என்றால் உத்தியோகம். உத்தியோகம் என்றால் அரசாங்கக் கதிரை. இந்தக் கணக்கு இனியும் செல்லுமா? கொடிகாமத்துக் கமக்காரனும் கொழும்பில் வழக்காடும் அப்புக்காத்தும் ஒருங்கிருந்து ஆராய வேண்டிய வினா இது.

முன்னோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆறில்லாத குடாநாட்டிலே, துண்டு துண்டான காணிகளை வைத்துக்கொண்டு, கிணற்றுநீரை இறைத்துப் பிழைத்த மக்கள் அவர்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. ஆங்கிலம் கற்ற இளைஞர்க்குக் கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞர் பதவிகள் கிடைத்தன. 1905இல் புகையிரதப் பாதை நிறைவேறியதும் அந்தப் பயணம் மேலும் எளிதாயிற்று. மாதந்தோறும் வந்த மணியோடர் இங்கே வீடாயிற்று, சீதனமாயிற்று, தம்பியின் படிப்பாயிற்று. அக்காலத்துக்கு அது நல்ல கணக்கே.

பின்னர் அந்தக் கதவு இருமுறை அடைக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் உத்தியோகத்தின் வாயிலிலே மொழியைக் காவல் நிறுத்தியது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பொறியியல் பயிலத் தமிழ்மொழி மூல மாணவன் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதுமாயிற்று. இவ்விரண்டும் அநீதிகள். அவற்றை எதிர்த்தது நம் கடமை. அந்தக் கடமை இன்னும் தீர்ந்துவிடவுமில்லை.

ஆனால், இன்று மூன்றாவது முறையாக அதே கதவு அடைபடுகின்றது. இம்முறை அடைப்பது இனவாதச் சட்டமன்று. வெறுமையான திறைசேரியும் வேகமான இயந்திரமும் ஆகும். சட்டம் அடைத்த கதவைச் சட்டத்தால் திறக்க முயலலாம். காலம் அடைக்கும் கதவை எந்த நீதிமன்றம் திறக்கும்?

திறைசேரியும் இயந்திரமும்

2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே நம் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இரவும் பகலும் அமர்ந்து வேலை கேட்டனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சமூகம் படியென்று சொன்னதைப் படித்து முடித்தவர்கள். ஐந்து ஆண்டுகள் செல்லுமுன், 2022இல், நாடே வெளிநாட்டுக் கடனை இறுக்க வழியற்று நின்றது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்திடம் ஏறக்குறைய 300 கோடி டொலருக்கு உடன்படிக்கை செய்துகொண்ட அரசு, வருவோர்க்கெல்லாம் கதிரை கொடுக்கும் அரசாக இனி இருத்தல் இயலுமா?

உலகத்தின் போக்கும் அதுவே. உலகப் பொருளாதார மன்றம் 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, 2030ஆம் ஆண்டுக்குள் 17 கோடி புதிய வேலைகள் தோன்றும், 9 கோடி 20 இலட்சம் வேலைகள் மறையும் என்று மதிப்பிடுகின்றது. மறைவனவற்றில் முன்வரிசையில் நிற்பவர் யாவர்? தபாலக எழுதுவினைஞர், வங்கிக் காசாளர், தரவு பதிவோர். அதாவது, நாம் எந்தக் கதிரைக்காகக் காணியை ஈடுவைத்தோமோ அந்தக் கதிரை! எண்ணிக்கையில் மிகுதியாக வளரும் தொழில்களுள் முதலிடம் பெறுவோர் யாவர்? வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்வோர். அடுத்து வாகனமோட்டிகள், கணினி நிரலாளர், கட்டடத் தொழிலாளர், தாதியர், ஆசிரியர் என்று அந்த நிரல் செல்கின்றது.

இவ்வறிக்கை ஆயிரத்துக்கு மேற்பட்ட பெருநிறுவனங்களின் கருத்தைத் தொகுத்தது, வேதவாக்கன்று. முதலாளிகளின் மதிப்பீட்டைத் தொழிலாளர் ஐயத்துடனேயே நோக்கவேண்டும். வேலை பெருகும் என்பதனால் கூலியும் பெருகும் என்று ஆகிவிடாது. எனினும் அதே அறிக்கை வேறொன்றும் கூறுகின்றது: இன்று தொழிலாளர் கைவசமுள்ள அடிப்படைத் திறன்களில் நூற்றுக்கு 39 பங்கு 2030க்குள் மாறிவிடும் அல்லது பயனற்றுப்போகும். கமத்தொழில் நிலைக்கும், பழைய அறிவோடு கமஞ்செய்பவன் நிலைப்பானா என்பதே கேள்வி.

ஒரு தேங்காயின் கதை

தென்மராட்சியை எடுத்துக்கொள்வோம். கொடிகாமச் சந்தைக்கு வரும் தேங்காயும் பலாவும் மாம்பழமும் பெரும்பாலும் வந்த வடிவிலேயே லொறி ஏறிப் போகின்றன. மரம் நம்முடையது, வியர்வை நம்முடையது, விலை வேறெங்கோ பிறக்கின்றது. மட்டையிலே தும்பு இருக்கின்றது. சிரட்டையிலே, நீரைத் தூய்மையாக்கவும் பொன்னைப் பிரித்தெடுக்கவும் உலகம் விலைகொடுத்து வாங்கும் கரி இருக்கின்றது. பருப்பிலே எண்ணெயும் பாலும் உலர்ந்த துருவலும் இருக்கின்றன. ஒரு தேங்காயை உரித்து விற்பவனுக்கு ஒரு வேலை. அதைப் பகுத்துப் பதனிடும் ஊருக்குப் பத்து வேலை.

அந்தப் பத்து வேலைக்கும் ஆள் எங்கே? கொதிகலனை இயக்கவும் குளிரறையைப் பழுதுபார்க்கவும் தெரிந்தவர் வேண்டும். பாலையும் எண்ணெயையும் ஆய்கூடத்திலே சோதித்துச் சான்று கூறுவோர் வேண்டும். பிறநாட்டு வணிகனுக்குக் கடிதமெழுதி, ஏற்றுமதிப் பத்திரம் ஆயத்தம் செய்வோர் வேண்டும். யாழ்ப்பாணத் தென்னைகளை வெள்ளை ஈ வாட்டியபோது, கமக்காரனுக்குத் தேவைப்பட்டவர் பூச்சியின் வாழ்க்கையை அறிந்தவரேயன்றிக் கோப்பில் ஒப்பமிடுபவர் அல்லர். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, சில மாதங்களில் அத்தடையை அரசே நீக்கிக்கொண்டபோது, மண்ணைச் சோதித்து மாற்றுவழி சொல்ல ஊருக்கொருவர் இருந்திருந்தால் எத்தனை கமக்காரர் நட்டத்திலிருந்து தப்பியிருப்பர்! பளையிலே சுழலும் காற்றாலைகளையும் கூரைதோறும் ஏறும் சூரியத் தகடுகளையும் பேணுவதற்கு நம் பிள்ளைகள் பயில வேண்டாமா?

டென்மார்க்கின் வரலாறு நமக்குப் பாடமாகும். 1870களில் அமெரிக்கத் தானியம் ஐரோப்பியச் சந்தையில் மலிந்தபோது அச்சிறு நாட்டுக் கமக்காரர் நிலைகுலைந்தனர். அவர்கள் தானியத்தை மட்டும் நம்பியிருக்காமல் பாலுக்கும் வெண்ணெய்க்கும் மாறினர். 1882இல் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலையை நிறுவினர். அதற்குப் பின்பலமாக நின்றவை, 1844 முதலாக நாட்டுப்புறங்களில் எழுந்த மக்கள் உயர்பள்ளிகள். தாய்மொழியிலே, வளர்ந்த கமக்கார இளைஞர்க்கென்றே நடத்தப்பட்ட பள்ளிகள் அவை. கல்வியும் கூட்டுறவும் கைகோத்ததனாலேயே மாற்றம் வந்தது.

தாழ்ந்த கல்வியா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஏழைக் கமக்காரனின் மகனை மறுபடியும் மண்வெட்டிக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா? டாக்குத்தர் படிப்பு உங்கள் பிள்ளைக்கு, ஸ்பானர் எங்கள் பிள்ளைக்கா?" இம்மறுப்பை நாம் மிக மதிக்கின்றோம். குலத்தொழிலிலே மனிதனைக் கட்டிப்போட்ட சமூகத்தில் இந்த ஐயம் எழாவிட்டாலன்றோ வியப்பு? 1945இலிருந்து கிடைத்த இலவசக் கல்வி, ஒடுக்கப்பட்டோர்க்கு ஏணியாயிற்று. அந்த ஏணியை எடுத்துவிடுமாறு கூறுவோர் நம் பகைவரே.

நாம் கேட்பது இரண்டாவது ஏணி. ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சை எழுதும் இலட்சக்கணக்கானோரில் அரச பல்கலைக்கழகங்களுட் புகுவோர் ஏறக்குறைய 40,000 பேர். எஞ்சியோர்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் "தவறியவர்". ஆனால், தேசியத் தொழிற்றகைமை என்ற ஏற்பாடு ஏழு படிகளைக் கொண்டது. நான்காம் படிவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அப்பட்டத்தை வழங்கவே 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் தொழினுட்பவியற் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. ஜேர்மன் உதவியுடன் 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. வழி உண்டு, அந்த வழியே போவதை இழிவென்று கருதும் மனமே தடையாயுள்ளது. குழாய் பொருத்துபவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் குடும்பம், அவன் கனடாவுக்குப் போய் அதே குழாயைப் பொருத்தினால் மாலையிட்டு வரவேற்கின்றதே, இது என்ன நியாயம்?

ஆகவே நாம் வலியுறுத்துவன மூன்று. முதலாவது, தென்மராட்சியிலே, இம்மண்ணின் விளைபொருளோடு இணைந்த தொழிற்பயிற்சி நிலையம் வேண்டும். பயிற்சி தமிழிலே நடைபெற வேண்டும். பாடநூலும் தேர்வும் தமிழிலே அமைய வேண்டும். அதனோடு, உலகச் சந்தையிற் பேசுதற்கு ஆங்கிலமும், அயலாரோடு தொழில்செய்தற்குச் சிங்களமும் கற்பிக்கப்படுதல் நன்று. இரண்டாவது, கூட்டுறவுச் சங்கங்கள் பதனிடுந் தொழிலில் இறங்கி, பயின்றவர்க்கு வேலை கொடுக்க வேண்டும். வேலையின்றிப் பயிற்சி மட்டும் கொடுத்தல், வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றுவதாகவே முடியும். மூன்றாவது, மாகாணக் கல்வியை மாகாணமே ஆளவேண்டும். 13ஆம் திருத்தம் கல்வியை மாகாணசபைப் பட்டியலில் வைத்துள்ளது. 2013இல் நாம் தெரிந்த வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது; அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படவில்லை. எந்த ஊரில் எந்தப் பயிற்சி வேண்டும் என்பதைக் கொழும்பிலுள்ள அதிகாரி தீர்மானிக்கும்வரை, கொடிகாமத்துத் தென்னைக்கும் கொடிகாமத்து மாணவனுக்கும் இடையே பாலம் அமையாது.

உரிமைக்காகப் போராடும் இனம், அவ்வுரிமையை நுகர்வதற்கு மண்ணிலே மக்கள் நிலைத்திருக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது. வேலை தேடி இளைஞரெல்லாம் வெளியேறிய ஊருக்குச் சுயாட்சி வந்து பயனென்ன? வாக்குரிமை இருக்கும், வாக்காளர் இரார். காணி இருக்கும், கமக்காரன் இரான். நம் பிள்ளைகளின் அறிவை அரசாங்கக் கதிரையோடு பிணைத்த கயிற்றை நாமே அவிழ்ப்போம். பெற்றோரே, அடுத்த தவணைக்கு உங்கள் பிள்ளையின் பாடத்தைத் தெரியும்போது, கதிரையை மட்டும் நினையாது, இந்த மண்ணையும் நினைத்துத் தெரிவீராக!