ரெண்டு லட்சம் மைலா? பயப்படாதீங்க!

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கப் பழைய பிக்கப் டிரக் தேடுபவர்கள், மீட்டரில் இரண்டு லட்சம் மைல் என்றதுமே ஓடிவிடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சின், அதுவும் பாரம் இழுத்ததா, செத்திருக்கும் என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். அவசரத் தீர்ப்பு!

ஜெனரல் மோட்டார்ஸ் 1999-ல் கொண்டுவந்த 6.0 லிட்டர் வி8-ஐப் பாருங்கள். வார்ப்பிரும்பு பிளாக், பழைய பாணி புஷ்ராடு. வித்தை காட்டாத எஞ்சின். ஆயிலும் கூலன்டும் ஒழுங்காக மாற்றியிருந்தால் இரண்டு லட்சம் அதற்கு ஒரு வயசே இல்லை. ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சினோ (2004-ல் வந்தது) ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போதே உள்ளே உடைந்து மாட்டிக்கொள்ளும். ஆயிலைக் கவனிக்காவிட்டால் கேம் பேஸர் டக்டக்கென்று தட்டும். மைல் குறைவு என்று இதை வாங்கி என்ன லாபம்?

பாரம் இழுப்பதில் நிஜ எதிரி சூடுதான். அதில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது எஞ்சின்கூட இல்லை, கியர்பாக்ஸ் (பாவம், அதை யாரும் விசாரிப்பதே இல்லை). மீட்டரை விடுங்கள், சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை அடித்தால் எண்பதாயிரம் மைல் வண்டியும் வேண்டாம்.