ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நம்ம கைதான் இதயம்

தோழர்களே, ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிங்க.

மூணு வருஷம் முன்னாடி எங்க தெருவில் ஒரு பெரியவர், ராத்திரி சாப்பிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஓடிப் போனவர்களில் நானும் ஒருத்தன். ஒருத்தர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருத்தர் வாயில் தண்ணீர் ஊற்றினார். நான் 108-க்கு போன் போட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு நின்றேன். "மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு"ன்னு எல்லாரும் நம்பினோம். ஆம்புலன்ஸ் சீக்கிரமாத்தான் வந்தது. ஆனா அவர் பிழைக்கல.

அப்புறம்தான் தெரிஞ்சுது. அது மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் சில நிமிஷம் அப்படி விட்டு விட்டு இழுக்கும். சிபிஆர் செய்திருந்தா பிழைச்சிருப்பாரா? சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அங்கே எட்டு பேர் இருந்தோம். பதினாறு கை. ஒரு கைக்கும் வேலை தெரியல.

நாலு வருஷம் இன்ஜினியரிங்கில் பம்ப் பத்தி பக்கம் பக்கமா படிச்சவன் நான். இதயமும் பம்புதான். அது நின்னா மூளைக்கு ரத்தம் போகாது. நாலஞ்சு நிமிஷத்திலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பிக்கும். உதவி இல்லாத ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸா இருந்தாலும், அந்த முதல் நிமிஷங்கள் வீட்டில் இருப்பவர் கையில்தான். இதயம் நின்று போறது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்குது. அதனால நீங்க காப்பாத்தப் போறது உங்க அப்பாவா, அம்மாவா இருக்கலாம்.

என்ன செய்யணும்?

✅ தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. அசைவு இல்லை, மூச்சு சரியா இல்லைன்னா உடனே 108. போனை ஸ்பீக்கரில் போடுங்க.
✅ கட்டில், மெத்தை வேண்டாம். தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்க.
✅ நடு நெஞ்சில் ஒரு உள்ளங்கை, அதுமேல் இன்னொன்று. முழங்கை மடங்காம, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க.
✅ நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேலே வர விடுங்க.
✅ ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாத்திக்கோங்க. நிறுத்தாதீங்க. அடிபம்பு மாதிரிதான், அடிக்கிற வரைதான் தண்ணி.

"விலா எலும்பு உடைஞ்சா?" உடையலாம். எலும்பு கூடும், போன உயிர் வராது.

குழந்தைகளுக்கும், தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் கொடுக்கணும். அதை நேரில் பழகினால்தான் வரும். பயிற்சி அவசியம்னு சொல்றது அதனாலதான்.

டென்மார்க்கில் 2005-இல் பள்ளியிலேயே இதைக் கட்டாயமாக்கினாங்க. அடுத்து ஓட்டுநர் உரிமம் வாங்குறவங்களுக்கும் முதலுதவிப் பயிற்சி வந்தது. 2001-க்கும் 2010-க்கும் இடையில், பக்கத்தில் இருக்கிறவங்களே சிபிஆர் செய்யுறது ரெண்டு மடங்குக்கு மேல் ஆனது. பிழைச்சவங்க எண்ணிக்கையும் கூடியது. நம்ம பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாதா? கேட்போம். கேட்டுக்கிட்டே இருப்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையும் இந்த மாதம் ஒரு கூட்டத்தை மாற்றி, உள்ளூர் டாக்டரையோ நர்ஸையோ அழைத்து சிபிஆர் பயிற்சியா நடத்துங்க. மாற்றுக் கட்சிக்காரரையும் கூப்பிடுங்க. இதயம் கொடி பார்த்து நிக்கிறதில்ல.

பகிருங்கள். அதைவிட முக்கியம், பழகுங்கள்.

#சிபிஆர்_கற்போம் #உயிர்_காப்போம்