அடைக்கு உட்கார்ந்த அம்மாள்

நாட்டுக் கோழி என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு மிளகுக் குழம்பு ஞாபகம் வந்திருக்கும். மீதிப் பாதிப் பேர் சைவம். அவர்கள் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறார்கள். இரு தரப்பாரும் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்த வாரம் நாம் பேசப் போவது குழம்பைப் பற்றி அல்ல, ஒரு தாயாரைப் பற்றி.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், படகில் போகிறார்கள், காப்பித் தோட்டத்தின் நடுவே நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். சேர்வராயன் மலைக் கிராமத்து வாசலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு பெட்டைக் கோழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் பெயர் சிறுவிடை. எடை ஒன்றேகால் கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. கறுப்பு, செம்மை, சாம்பல், புள்ளி என்று எந்த நிறத்திலும் இருக்கும்.

இதற்கு ஒரு பெரிய வீட்டு உறவினர் உண்டு: பெருவிடை. நெடிய கால், விறைத்த கழுத்து, சண்டைக் குணம். அந்தக் குடும்பத்திலேயே கிளிமூக்கு விசிறிவால் என்று ஓர் அலங்காரப் பிரிவு இருக்கிறது. மூக்கு கிளியைப் போல் வளைந்து, வால் விசிறி மடித்தாற்போல் இருக்கும். திண்டுக்கல்லில் அதற்குக் கண்காட்சி நடக்கிறது. நல்ல சேவலுக்கு லட்சக் கணக்கில் விலை சொல்கிறார்கள். சிறுவிடைப் பெட்டைக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆனால் அந்த லட்ச ரூபாய்ச் சேவலைப் பொரித்துக் கொடுத்தது பெரும்பாலும் யார் தெரியுமா? சிறுவிடைதான்!

காரணம் எளியது. பெருவிடைப் பெட்டை கனமானது. அது அடைக்கு உட்கார்ந்தால் சில முட்டைகள் நொறுங்கிப் போகும். "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று நம் பெரியோர்கள் கேட்டார்கள். குஞ்சு சாகாது, முட்டை உடையும். ஆகவே விவரம் அறிந்தவர்கள் பெருவிடை முட்டைகளை எடுத்துச் சிறுவிடையின் வயிற்றுக்கடியில் வைத்துவிடுவார்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழியான கடக்நாத்துக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா? அந்தப் பிரமுகருக்கும் அடை உட்காருவதில் அவ்வளவாக நாட்டமில்லை. அதன் முட்டைக்கும் வேறொரு நாட்டுப் பெட்டையைத் தேட வேண்டியிருக்கிறது.

அடை உட்காருவது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கிறீர்களா? சேலத்துக்குத் தெற்கே நாமக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே முட்டை தினம் கோடிக் கணக்கில். பண்ணைக் கோழி ஒன்று ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இடும். ஆனால் அவற்றில் தன் முட்டை மேல் உட்காரும் கோழியைக் காண்பது அபூர்வம். அடை உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அது வியாபாரத்துக்கு நஷ்டம். ஆகவே தலைமுறை தலைமுறையாக அந்தக் குணமே இல்லாத கோழிகளைப் பொறுக்கியெடுத்து வளர்த்தார்கள். தாய்மையைக் கழித்து முட்டையைப் பெருக்கினார்கள். கணக்கில் பிசகில்லை. குஞ்சு பொரிக்க இயந்திரம் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. இரண்டும் இல்லாத வீட்டில் என்ன செய்வது?

அங்கேதான் நம் அம்மாள் வருகிறாள். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அவள் சுபாவமே மாறிவிடுகிறது. மார்பிலே இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரிகிறது. அந்தத் தோலில் முட்டை படப் பட, புரோலாக்டின் என்னும் சுரப்பு ரத்தத்தில் ஏறுகிறது. முட்டையிடுவது நின்றுவிடும், கிட்டே போனால் சீறுவாள். சில வீடுகளில் அடை தெளிவதற்காகத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மூக்கில் இறகைச் செருகுவார்கள். பாவம், விட்டுவிடுங்கள். அவளுக்கு வேலை கொடுப்போம்.

உங்களுக்கு ஏற்காட்டில் ஒரு வீடும், வீட்டில் ஒரு சிறுவிடையும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தை மாதக் கடைசியில் அடை வையுங்கள். மாசியில் குஞ்சு வரும்; கோடை மழை வலுக்குமுன் அவற்றுக்கு இறகு முளைத்துவிடும். சமவெளியில் முட்டையைச் சேர்த்து வைப்பது பெரும்பாடு. வெயில் நாளில் அடை வைக்காமலே கரு லேசாக வளரத் தொடங்கி, பிறகு கெட்டுப்போகும். மலைக் குளிரில் அந்தப் பயம் குறைவு. ஒரு வாரம் வரை தாராளமாகச் சேர்க்கலாம். வேறிடத்திலிருந்து முட்டை வாங்கி மலையேற்றினீர்களானால், வந்ததும் வராததுமாக அடைக்கு வைத்துவிடாதீர்கள். இருபது வளைவில் குலுங்கிய முட்டை. கூர்முனை கீழே இருக்கும்படி ஓர் இரவு ஓய்வு கொடுங்கள்.

கூடையில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு முட்டைக்கு மிகாமல் வையுங்கள். வீட்டுப் பாட்டி இருந்தால் ஒரு கரித் துண்டும் இரும்புத் துண்டும் போடச் சொல்வாள். இடி இடித்தால் முட்டை கெடாதாம். கரி முட்டையைக் காக்குமோ என்னவோ, பாட்டியின் மனத்தைக் காக்கும், போட்டுவிடுங்கள். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கொளியில் முட்டையைப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பினாற்போல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் ஊடுருவினால் கரு இல்லை, எடுத்துவிடலாம்.

மலைக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. முட்டை ஓட்டில் ஆயிரக் கணக்கான நுண்துளைகள் உண்டு. காற்று லேசாக இருந்தால் அவற்றின் வழியே முட்டையின் ஈரம் வேகமாக வெளியேறும். பிராண வாயுவும் கொஞ்சம் குறைவு. 3,800 மீட்டர் உயரத்தில் வளர்த்த கோழிகளின் முட்டை ஓட்டில் துளைகளின் பரப்பு குறைந்திருந்ததை 1977-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. மலைக்கேற்ற சட்டை தைத்துக் கொண்டன போலும்! ஏற்காடு அத்தனை உயரமில்லை. இருந்தாலும் மலையிலேயே வளர்ந்த பெட்டையின் முட்டை கிடைத்தால் அதையே வைப்பது புத்திசாலித்தனம். இயந்திரத்தில் பொரிக்கிறவர்கள் தண்ணீர்த் தட்டு வற்றாமல் கவனித்துக் கொள்ள வேண்டும்.

இருபதாம் நாள் கூடையருகே காதை வைத்துக் கேளுங்கள். ஓட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு குரல். தாய் 'க்ளக்' என்று பதில் சொல்லுவாள். முகம் பாராமலே பேச்சு நடக்கிறது. இருபத்தோராம் நாள் ஓடு விரியும். உடனே தீனி போட ஓடாதீர்கள். மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக் கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. ஒரு நாள், இரண்டு நாள் அதுவே போதும். கடைசிக் குஞ்சு வரும் வரை தாய் எழுந்திராமல் இருப்பதற்கும் அதுதான் சௌகரியம்.

அப்புறம் குறுநொய், கேழ்வரகு, கரையான். ஏற்காட்டுக் குளிரில் இயந்திரக் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். விளக்குப் போட வேண்டும். தாய்க்கோழிக் குஞ்சுக்கு அவள் இறகே கணப்பு. பருந்து வந்தால் ஒரு குரல், கீரி வந்தால் வேறொரு குரல் என்று பாடமும் நடக்கும். ஆனால் இரண்டு காரியங்களுக்கு அவளை நம்ப முடியாது. ஒன்று, பஞ்சாரத்தின் அடியில் ஈரம் தங்காமல் பார்ப்பது. ஈரத்தில் ரத்தக் கழிச்சல் வரும். மற்றொன்று, வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பிறகு எட்டாம் வார வாக்கில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாம்களில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். இதை அலட்சியம் செய்தால் ஒரே வாரத்தில் ஊரே காலியாகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிறுவிடையை நோய் மட்டும் குறைக்கவில்லை, கலப்பும் குறைக்கிறது. புறக்கடைக்கென்று ஆராய்ச்சி நிலையங்கள் உண்டாக்கிய வனராஜா, கிரிராஜா போன்றவை பார்க்க நாட்டுக் கோழி மாதிரியே இருக்கும். சீக்கிரம் வளரும், அதிகம் முட்டையிடும். வளர்க்கிறவருக்கு லாபம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சேவல் ஊர்ப் பெட்டைகளோடு கலந்தால், இரண்டு மூன்று தலைமுறையில் அடை உட்காரும் குணம் மங்கிவிடும். கடக்நாத்தின் கறுப்பு போனால் கண்ணுக்குத் தெரியும். அடைக் குணம் போனால் எப்படித் தெரியும்? தை மாதம் கூடையைப் பரப்பி வைத்துவிட்டு, உட்கார ஆளில்லாமல் விழிக்கும்போதுதான் தெரியும்.

சேர்வராயன் காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி இருக்கிறது. வீட்டுக் கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழியின் வம்சமே என்று டார்வின் 1868-ல் எழுதினார். பெரும்பாலும் சரிதான். ஆனால் வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்த சீதனம் என்று 2008-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். உலகமெங்கும் மஞ்சள் காலோடு நடக்கும் கோழிகளுக்கு இந்தப் பக்கத்துக் காடுகளில் ஒரு பாட்டன் உண்டு என்று அர்த்தம். அதற்காகக் காட்டுக்கோழி முட்டையைத் தேடிப் போய்விடாதீர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது. வீட்டில் இருப்பதைக் காப்பது நம் பொறுப்பு.

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். நன்றாக அடை உட்கார்ந்து, குஞ்சுகளைக் கரை சேர்த்த பெட்டையின் வாரிசுகளில் இரண்டு பெட்டையையும், வேறொரு சிறுவிடைத் தாயின் சேவல் ஒன்றையும் விற்காமல் நிறுத்தி வையுங்கள். கலப்புச் சேவல் வளர்த்தால் தனியே அடையுங்கள். வாங்கப் போகும்போது எடையையும் கொண்டையையும் மட்டும் பார்க்காமல், "இதன் தாய் எத்தனை குஞ்சு பொரித்தது?" என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும். தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள் என்று சொன்னவர்கள் கோழி வளர்த்தவர்கள்தாமே?