பெங்குவினும் மார்ச் 31-ம்

முதலிலேயே சொல்லி விடுகிறேன், நான் பி.காம். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியதில் என் மேஜை மேல் வந்து விழுந்ததை வைத்துத்தான் இந்தப் பதிவு. விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

போன ஞாயிறு அக்கா பையன் சாப்பிட வந்திருந்தான். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. லேப்டாப் மூடியில் பெங்குவின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் ரகம். ரசம் சாதம் முடிவதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டான். "மாமா, உங்க பேங்க்ல எல்லாத்தையும் லினக்ஸுக்கு மாத்திட்டா வைரஸ்ங்கற பேச்சே இருக்காது." நான் மோர் ஊற்றிக்கொண்டே "அப்படியாடா" என்றேன். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. அக்கா வேறு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. மேஜைக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, மெயிலில் வந்த இணைப்பைத் திறந்து மாட்டிக்கொள்கிற கதை பெரும்பாலும் விண்டோஸ் கதைதான். லினக்ஸில் சாதாரணப் பயனாளர் கையில் முழு அதிகாரம் இருக்காது, மென்பொருளும் பெரும்பாலும் ஒரே களஞ்சியத்திலிருந்து வரும். ஆனால் சர்வர் வேறு கணக்கு. இணையத்தில் இருக்கிற சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ்தான். திருடன் பணம் இருக்கிற இடத்துக்கு வருவானே தவிர, பெட்டி என்ன மேக் என்று பார்த்து வரமாட்டான்.

இப்போது என் தப்பு.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் வெளியிட்டது. விண்டோஸ் கோப்புகளை நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்க. மார்ச் 14 என்றால் வங்கிக்காரனுக்கு என்ன அர்த்தம்? ஆண்டுக் கணக்கு முடிக்க இன்னும் பதினேழு நாள். அந்த மாதத்தில் சிஸ்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் எழுதாத சட்டம். அப்போது நான் இங்கே பெங்களூரில் மண்டல அலுவலகத்தில் இருந்தேன். "ஆண்டு முடிவுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். ஏப்ரல் வந்தது. ஆடிட் வந்தது. ஜி.எஸ்.டி. வருகிறது என்று பயிற்சி வகுப்புகள் வேறு. ஏப்ரல் போயே போய்விட்டது.

மே 12 வெள்ளிக்கிழமை வான்னாக்ரை கிளம்பியது. மறுநாள் இரண்டாம் சனி. அதற்கடுத்து ஞாயிறு. அந்த இரண்டு நாள் விடுமுறையில் கிளை கிளையாக ஓடி பேட்ச் போட்டோம். ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக பேட்ச் கொடுத்த வாரம் அது. பெரிய சேதம் இல்லை, சர்வர்கள் தப்பின. ஒரே ஒரு கிளையில் நகைக்கடன் பிரிவு கம்ப்யூட்டர் மட்டும் சிவப்புத் திரை காட்டியது. அதிலிருந்த மூன்று வருஷத்து எக்ஸெல் கோப்புகள் போயின.

சந்தேகத்துக்குரிய மெயிலைத் திறந்ததாக மெமோ வாங்கியது அந்த சீட்டில் இருந்த கிளார்க் அம்மா. வான்னாக்ரை பரவுவதற்கு யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியதில்லை, பேட்ச் போடாத மெஷின் நெட்வொர்க்கில் இருந்தாலே போதும். இது எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்க ஐந்து மாதம் ஆனது.

அந்த மே மாதம் பெங்குவின்காரர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாதம் முடிவதற்குள் லினக்ஸில் அதே கோப்புப் பகிர்வு வேலையைச் செய்கிற சாம்பாவில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. 2010-ல் வந்த பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை! ஜூனில் தென் கொரியாவில் நயனா என்ற வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தின் 153 லினக்ஸ் சர்வர்களை எரெபஸ் என்கிற ரான்சம்வேர் பூட்டிவிட்டது. சுமார் பத்து லட்சம் டாலர் கொடுத்தார்கள். அவர்களிடம் ஓடிக்கொண்டிருந்த கெர்னல் 2008-ல் தொகுத்தது. அங்கேயும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று என்னைப் போல ஒருவர் இருந்திருப்பார் :-)

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2018 ஆகஸ்ட் 11. புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி. காலண்டரை எடுத்துப் பாருங்கள், அதுவும் இரண்டாம் சனி. நீங்கள் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகினால், மெஷின் 'ஸ்விட்ச்' என்கிற சர்வரைக் கேட்கும். ஸ்விட்ச், கணக்கு இருக்கிற கோர் பேங்கிங்கைக் கேட்கும். பணம் இருக்கிறது என்று பதில் வந்தால் நோட்டு வரும். காஸ்மாஸில் திருடர்கள் நடுவே ஒரு போலி ஸ்விட்சை வைத்துவிட்டார்கள். அது கோர் பேங்கிங்கைக் கேட்காமலே "கொடு, கொடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. 28 நாடுகளில் குளோனிங் செய்த கார்டுகளால் எடுத்தார்கள். திங்கட்கிழமை ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கு இன்னொரு 13.92 கோடி. மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய்.

இதே முறையில் வேலை செய்கிற ஃபாஸ்ட்கேஷ் என்ற தீநிரலைப் பற்றி அந்த அக்டோபரில் அமெரிக்க அரசு எச்சரித்தது. அது முதலில் பிடிபட்டது ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸில். யுனிக்ஸ் வம்சம், "அதுக்கெல்லாம் வைரஸ் வராது சார்" என்று வெண்டர்கள் எங்களுக்கு விற்ற பெட்டி. 2020-ல் விண்டோஸ் பதிப்பு பற்றிய எச்சரிக்கை வந்தது. 2024 அக்டோபரில் லினக்ஸ் பதிப்பை ஒரு ஆய்வாளர் வெளியிட்டார். மூன்று சிஸ்டத்துக்கும் வேலை ஒன்றுதான், "இல்லை" என்கிற பதிலை "உண்டு" என்று மாற்றுவது. மருமகன் இதைப் படித்தால் நல்லது.

பின்னே எதை நம்புவது? இங்கேதான் பி.காம். புத்தி வேலை செய்கிறது. எங்கள் கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரி 6 அன்று ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகள் போயின. துபாய், துருக்கி, சீனா. சேர்த்து இருபது லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. உத்தரவு போனால் அத்தாட்சி அச்சாகும் பிரிண்டரை முதலில் முடக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். 2016-ல் வங்காள தேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் போனபோதும் இதே பிரிண்டர் வித்தைதான். கும்பகோணத்தில் மறுநாளே கண்டுபிடித்தது ஆன்டி வைரஸ் இல்லை. ரீகன்சிலியேஷன். நம்ம கணக்கையும் எதிர் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கிற பழைய வேலை. மறுநாளே தெரிந்ததால்தான் உடனே துரத்த முடிந்தது. துபாய்க்குப் போன ஐந்து லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது.

இந்த டிக் அடிக்கிற சீட்டைத்தான் ஆள் குறைப்பில் நாம் முதலில் கழிக்கிறோம். பதவி உயர்வு அந்த சீட்டிலிருந்து வந்ததை நான் பார்த்ததில்லை. ஃபயர்வாலுக்குக் கோடிகளில் டெண்டர் விடுவோம், அதற்கு ரிப்பன் கூட வெட்டுவோம். சனி, ஞாயிறில் உட்கார்ந்து ஸ்விட்ச் கணக்கும் கோர் பேங்கிங் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு ஆள் கேட்டால், "ஓவர்டைம் எந்தத் தலைப்பில்?" என்பார்கள். என் கட்சி இதுதான்: எந்த ஓ.எஸ். வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் அந்த ஆளை விடுமுறை நாளில் உட்கார வையுங்கள். அவர் பார்க்கிற பட்டியல் ஸ்விட்ச் கொடுக்கிற பட்டியலாக மட்டும் இருக்கக் கூடாது. பொய் சொல்கிற சர்வர் பொய்ப் பட்டியலையும் கொடுக்கும்.

சின்ன வங்கிகள் பாடு இன்னும் மோசம். அவர்கள் சர்வரே வைத்துக்கொள்வதில்லை, வாடகைக்கு. 2024 ஜூலை 31 அன்று சி-எட்ஜ் என்ற நிறுவனத்தை ரான்சம்வேர் காரணமாக தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 கூட்டுறவு, கிராமிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. இல்லாமல் நின்றார்கள். சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் சர்வரில்தான் ஆரம்பம் என்று இங்கே பெங்களூரில் இருக்கிற கிளவுட்செக் நிறுவனம் ஆராய்ந்து சொன்னது. அதுவும் சி-எட்ஜ் சர்வர் இல்லை, இன்னொரு நிறுவனத்தினுடையது. பால் பணம் வாங்க வந்தவருக்கு அந்தப் பெயரெல்லாம் எப்படித் தெரியும்?

எங்கள் ஆபீஸில் இப்போது பேட்சைத் தள்ளிப்போட்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தள்ளிப்போடுவது யார், எந்தத் தேதி வரை என்று இரண்டு கட்டம் அதில் உண்டு. மார்ச்சுக்கும் விலக்கு கிடையாது. அந்தப் படிவத்தை எழுதியது நான். முதலில் அதைக் காட்டியது அந்தக் கிளார்க் அம்மாவிடம். படித்துவிட்டு, "தேதி போடற கட்டம் சின்னதா இருக்கு சார்" என்றார். பெரிதாக்கினேன்.